ஐந்தாம் மாடி வரை சவுக்கு

கொடுங்கையூரில் ஏது மலை என்று கேட்பவர்கள்
பேசின் பிரிட்ஜைத் தாண்டி வந்ததில்லை.
இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போட்டது.
நீங்கள் உரித்த தேங்காய் மட்டையும் அதில் உண்டு.

நல்ல மழை பெய்த வருஷம்
தெற்குச் சரிவில் புல் பிடித்தது.
ஆமணக்கு, எருக்கு,
எந்தக் காக்கை போட்டதோ ஒரு வேம்பு.
தூர நின்று பார்த்தால் ஊட்டி என்றான் டில்லிபாபு.
கிட்டே போனால் என்ன என்று
என் உள்ளங்கால் தழும்பைக் கேட்கலாம்.

அதன் அடிவாரத்தில் வீடு வருகிறது,
கால்வாய்க்கரையில் கதவுக்கு நம்பர் அடித்துப்
பெயர்த்தெடுத்த குடும்பங்களுக்கு.
தரை, அதன் மேல் ஐந்து.
எங்கள் டோக்கன் நூற்றுப் பதினேழு.
ஐந்தாம் மாடி, கிழக்கு மூலை.

எதிர் அபார்ட்மென்டிலிருந்து மனு போனது.
உயரத்தைக் கண்ணுக்கே காட்டிவிடலாம் என்றார் ஏ.இ.
மூலைக்கொன்றாக நாலு சவுக்கு,
மாடிக்கொரு சிவப்புத் துணி.
சாரம் கட்டுகிறவன் நான்.
கூலி எழுநூறு. துணி என் பொறுப்பு.
செல்வமேரியின் பழைய சேலையைக் கிழித்தேன்,
ஓரத்தில் கொஞ்சம் ஜரிகை மிச்சம் இருந்தது.

ஒன்றின் தலையில் ஒன்றாகக் கட்டிக்கொண்டே ஏறினேன்.
இரண்டில் மாவு மில்லின் தகரக் கூரை.
நாலில் பருந்துகளின் முதுகு.
ஐந்தில் காலைப் பின்னிக்கொண்டு நின்று
இங்கே அடுப்படி என்று கையை நீட்டினேன்.
காற்று.
மணலிப் பக்கம் பகலில் வெளிறிய தீ நாக்கு.
கிரேன்களுக்கு நடுவே
ஒரு விரற்கடை கடல்.
அலாட்மென்ட் தாளில் இதைப் போடவில்லை.

எதிர் பால்கனியில் ஒருவர், கையில் டம்ளர்.
அவர் தலையும் என் தலையும் ஒரே மட்டம்.
அவர்தான் முதலில் உள்ளே போனார்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் வரவேற்பின் தெர்மாகோல் எழுத்து
மேடையில் இன்னும்: மாவதி வெட்ஸ் ஜோயல்.
'ஹே' எங்கோ விழுந்துவிட்டது.
அவர் எழுந்தார். பெயர் சம்பத்குமார்.
"இருபது வருஷ லோன் சார்.
காலைல எழுந்தா அந்தப் பச்சை.
அது ஒண்ணுதான் சார் இருக்கு."
குரல் நடுங்கியது. பொய்யில்லை.
நானும் அங்கே நின்று பார்த்தவன்தானே.

ஆளுக்கு எதிரா இல்ல, உயரத்துக்கு எதிராத்தான்
என்றது ஒரு பெண். கைதட்டல்.
துணி காயப்போடுவாங்க என்றார் இன்னொருவர்.
"ஈரத்தோடயா கட்டிக்கிறது?"
செல்வமேரி சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.
மலையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
வாடைக்காற்று மாதங்களில்
ஜன்னலைச் சாத்திக்கொள்வார்களாம்.

மாடி இரண்டு குறைந்தது.
மீதிப் பேருக்கு வேறு இடம், பரிசீலனையில்.
"பெரும்பாக்கமா சார்?" என்று கேட்ட குரலுக்கு
மைக் போய்ச் சேரவில்லை.

மறுநாள் சவுக்கின் தலையை அறுக்க என்னையே கூப்பிட்டார்கள்.
இறக்குவதற்குப் பாதிக் கூலி.
ராத்திரி மழையில் முடிச்சு இறுகியிருந்தது.
ஐந்தில் கொஞ்சம் அதிக நேரம் ஆனது,
கயிற்றால்தான் என்று கீழே சொன்னேன்.

எதிரே அவர், அதே டம்ளர்.
கை காட்டினாரா,
குடிக்கத்தான் உயர்த்தினாரா, தெரியவில்லை.
என் இரண்டு கையும் கயிற்றில் இருந்தன.

மேல்துண்டு சாய்ந்தபோது
சேலைக் கிழிசல் ஒன்று கழன்று
மலைப் பக்கம் போனது.
எருக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஜரிகையோடு.
பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும்.