யன்னல் இல்லாத அறை

"உல்லாசக் கப்பல் எப்படி?" என்று கேட்கினம்
புதுக்குடியிருப்புச் சந்தையில்.

மீன் வெட்டுகிற றஜிதனுக்குச் சொன்னேன்:
ஐந்து நாள் கடலுக்கு மேலே இருந்தேன்,
மீன் வெடுக்கு ஒருக்காலும் வரவில்லை.
அவன் நம்பவில்லை.

தையற்கடை சுகுணவதிக்கு வேறு கதை:
நான் எழும்பிப் போன பிறகு
ஆரோ வந்து கட்டிலை விரித்து
துவாயை அன்னமாய் மடித்து வைத்திருந்தான்.
ஐந்து நாள் தேங்காய் திருவவில்லையடி.
அவள் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
அதுக்காகவே போகலாம்.

விடிய விடியச் சாப்பாடு,
உறைப்பு மட்டும் இல்லை.
துறைமுகம் வந்தால் நாலு மணித்தியாலம்:
ஒரு கோபுரம், ஒரு தொப்பிக்கடை,
கப்பல் ஊத, திரும்பி ஓட்டம்.
மலிந்த சீட்டு. எங்கள் அறைக்கு யன்னல் இல்லை,
சுவரில் சட்டம் போட்ட கடல்.
கால் நனைக்க மேல்தட்டுக்குப் போக வேணும்,
அங்கே குளோரின் மணக்கிற நன்னீர்.

முதல்நாள் பயிற்சிக்கு ஊதினார்கள்.
ஏழு குட்டை, ஒன்று நீளம்.
செம்மஞ்சள் அங்கியோடு எல்லாரும்
படமெடுத்துச் சிரிக்க,
ரொறொன்ரோ மச்சாள் தவநிதியும் சிரிக்க,
நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்து
அடையாள அட்டையைத் தடவிப் பார்த்து
வரிசையில் முதல் ஆளாய் நின்றேன்.
"இவதான் நல்ல பயணி" என்று
அதிகாரி கைதட்டினார்.

நான் ஏறிய முதல் கப்பலில்
அங்கி இல்லை, வரிசையும் இல்லை.
மாத்தளனில் இருந்து படகில் கொண்டுபோய்
காயக்காரரோடு ஏற்றினார்கள்.

இதைச் சந்தையில் ஆரும் கேட்கவில்லை.

நேற்று மச்சாள் எடுத்தாள்:
அடுத்த வருசமும் போவமா?
பல்கனி வைத்த அறை எண்டால்
யோசிக்கிறேன் என்றேன்.