மூன்றாம் நாள், அவசர அழைப்பு அறை

முதல் நாள் தீயணைப்பு.
எல்லோருக்கும் ஒரே அளவு பூட்ஸ்.
தண்ணீர்க் குழாய் திமிறியதில்
டெல்வின் சேற்றில் உட்கார்ந்தான்.
"எங்க ஏரி மீன்கூட இப்படி இழுக்காது."

இரண்டாம் நாள் போலீஸ் வண்டி.
யார் ஏறிப் பார்க்கிறீர்கள் என்றார்கள்.
"பின் இருக்கை தெரியும்,
முன்னால ஏறலாமா?" என்றான் ஒருவன்.
சிரித்தோம்.
அந்த அதிகாரியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
சீருடைக்குள் அவரும் க்ரீ தான்.
மதியம், எங்கள் மேசையா அவர்கள் மேசையா என்று
தட்டோடு நின்றதைப் பார்த்தேன்.

இன்று இந்த அறை.
ஹெட்போன், மூன்று திரை,
சுழலும் நாற்காலி. சுழலக் கூடாதாம்.
பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்
அழுவதுபோல் நடித்து அழைப்பாள்.
நான் கேட்கவேண்டிய முதல் கேள்வி
அட்டையில் அச்சாகி ஒட்டியிருக்கிறது:
உங்கள் முகவரி என்ன?

தெரிந்த கேள்விதான்.
நான்கு வருடம் முன்பு, பிப்ரவரி,
மானிடோபாவின் வடகோடி.
சமையலறைத் தரையில் அண்ணன்,
வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு.
தெருப் பெயர் கேட்டார்கள். தெருவுக்குப் பெயரில்லை.
தண்ணீர்த் தொட்டி தாண்டி, நீல வீடு,
வாசலில் கவிழ்ந்த ஸ்னோமொபைல் என்றேன்.
"மேடம், அது முகவரி இல்லை."
எனக்குப் பதினைந்து வயது.
மேடம்.

பக்கத்து வீட்டு ட்ரக்,
உறைந்த ஏரிமேல் நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
பிழைத்தான்.
இடக்கை மட்டும் இன்னும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

மணி அடிக்கிறது.
அட்டையைப் பார்க்கிறேன்.
"கதவைத் திறந்தா
எதிர்ல என்ன தெரியுது?" என்கிறேன்.

மறுமுனையில் அழுகை நிற்கிறது.
காகிதம் புரளும் சத்தம்.
இதற்கு அவளிடம் வசனம் இல்லை.
"சர்ச்," என்கிறாள் கடைசியில்,
எங்கோ நிஜமாகவே
ஒரு கதவைத் திறந்தவள் மாதிரி,
"மரத்தால கட்டின சர்ச். மணி இல்ல."
"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

பயிற்சியாளர் தாளில் எழுதினார்:
ரேலீன். அட்டையைப் பின்பற்றவில்லை.
ஐந்துக்கு இரண்டு.
பேனாவை மூடாமல் நின்றார்.
"உங்க ஊர் எங்க திரையில
வெறும் பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

இடைவேளை. காபி ஆறுகிறது.
மதிப்பெண் தாளின் பின்பக்கம்
தண்ணீர்த் தொட்டி வரைகிறேன்.
நீல வீட்டுக்கு இப்போது மஞ்சள் பெயின்ட்,
அதையும் குறிக்கிறேன்.
டெல்வின் தோள்வழியே எட்டிப் பார்க்கிறான்.
"பிகெட்டி வீட்டு நாயைப் போடு.
ஆம்புலன்ஸ்காரன் இறங்கினதும்
முதல்ல அதுதான் வரும்."