இருபத்தெட்டு நாள் இருப்பு

என் பெயரில் இப்போது
எழுபத்தொரு இலட்சம் ரூபா குடியிருக்கிறது.
எதுவும் என்னுடையதல்ல.

திருஞானம் சித்தப்பாவின் லொறி விற்ற காசு
கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
பக்கத்தில் கூச்சத்தோடு
லோஜினியக்கா கழிவுக்கு எடுத்த சீட்டு.
புது எஞ்சினுக்கென்று
ரொசைரோ அண்ணன் மீன் மீனாய்ச் சேர்த்தது
வெடுக்கு மணம் போகாமல்
ஒரு மூலையில் குந்தியிருக்கிறது.

இருபத்தெட்டு நாள் அசையக்கூடாதாம்.
உவர்மலையில் மாடிக் கந்தோர் வைத்திருக்கும்
ஏஜென்ற் பெடியன் சொன்னான்,
அடைக்கோழியின் கீழே
கையை விடாதே என்பதுபோல.
கோழிக்கு இருபத்தொன்று போதும்.
வாத்துக்குத்தான் இருபத்தெட்டு.

பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் நான் சுகிர்தமலர்.
கடவுச்சீட்டில் எனக்கு
ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட.
கோட்டடியில் நசூர்தீன் ஐயா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இருவரும் ஒருவரே என்று
சத்தியக் கடதாசி அடித்துத் தந்தார்.
எண்ணூறு ரூபா.
இரண்டு பேருக்குமாய் நான் கொடுத்தேன்.

படிப்பில் மூன்று வருட இடைவெளி ஏன்?
அம்மாவின் சீனிக்காலை
காலையும் மாலையும் கழுவிக் கட்டினேன்.
சுகாதாரத் துறையில் அனுபவம்
என்று எழுதினான் பெடியன்.
பொய்யில்லை.

படிப்பு முடிந்தால் திரும்பி வருவீரா?
காரணம் காட்டுக.

காணி தம்பியின் பேரில்.
கலியாணம் இல்லை.
மருந்துக்கடைச் சம்பளம் முப்பத்தெட்டாயிரம்,
அதுவும் கையில்.
கடலைக் காட்டலாமா என்று கேட்டேன்.
கடலுக்கு உறுதி இருக்கோ, அக்கா? என்றான்.
பகிடிதான்.
சிரித்துக்கொண்டே படியிறங்கும்போது
எனக்கு மூச்சு வாங்கியது.

ரொசைரோ அண்ணன் ஒருநாளும் காசைக் கேட்கவில்லை.
வாடை ஓய்ந்து கடல் எண்ணெய்போல் கிடக்கிறது.
எல்லாப் படகும் போய்விட்ட கரையில்
பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு
என்னைக் கண்டால் மட்டும் கேட்பார்:
பிள்ளை, இண்டைக்கு எத்தினையாம் நாள்?
பதினேழு.
ஓ, அப்ப கிட்டத்தானே.

இருபத்தெட்டாம் நாள்
வங்கி தந்த கூற்றை மடியில் வைத்து
பஸ் நிலையத்தில் தேத்தண்ணி குடிக்கையில்
ஒரு புள்ளிமான் வந்து
மூன்றாம் பக்கத்தை இழுத்துத் தின்றது.
நகரத்து மான். வாழைப்பழத்தோலும் தின்னும், லொத்தர்ச் சீட்டும் தின்னும்.
லோஜினியக்காவின் சீட்டும்
சித்தப்பாவின் லொறியும்
அதன் கடைவாயில் அரைபடுவதைப்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
திரும்ப அச்சடிக்க முந்நூறு ரூபா கேட்டார்கள்.
மான் தின்றது என்றேன்.
கவுண்டரில் இருந்தவள்
தலை நிமிராமல் சொன்னாள்:
இந்த மாசம் நீங்கள் ரெண்டாவது ஆள்.

இரவு பஸ்.
கந்தளாயில் ஒரு தரம் விழிப்பு.
கொழும்பில் கண்ணாடித் தட்டில்
பத்து விரலையும் வைத்தேன்.
இன்னொருக்கா அழுத்துங்கோ.
இன்னொருக்கா.
டெற்றோல் தின்ற ரேகை அது, தம்பி,
இதைவிட அழுத்தினால் எலும்புதான் பதியும்.

முடிவு வரும்வரை எடுக்காதே என்றான் பெடியன்.
மறுநாளே எடுத்தேன்.
வந்த காசெல்லாம்
செருப்பை மாட்டிக்கொண்டு
சொல்லாமல் கொள்ளாமல் போயிற்று.
மிச்சம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா
நாற்பது சதம்.
நெடுநாள் கழித்து
வீட்டுக்காரி தனியே இருந்தாள்.

முடிவு இன்னும் வரவில்லை.

விடியப்புறம் நாலு மணிக்கு
திருக்கடலூர்ப் பக்கமிருந்து
ஒரு புது எஞ்சின் கிளம்பும் சத்தம்.
நாற்பது குதிரை.
பாயில் கிடந்தபடி கேட்கிறேன்.
இருபத்தெட்டு நாள்
அது என் பெயரில் இருந்தது.