கோட்டுக்கு மேலே

வெள்ளிக்கிழமை, நாலேகால்.
ஜெலுத்தோங் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வருகிறது.
பிள்ளைகள் போன பிறகும் ஆய்வகத்தை விட்டு
அமோனியா போகவில்லை.

திங்களன்று ஐந்தாம் படிவத்துக்கு வேண்டும்
ஒரு லிட்டர் சோடியம் கார்பனேட்,
சுழியம் புள்ளி ஒரு மோலார்.
சிக்கு நோர்ஹஸ்லிண்டா துண்டுத்தாளில் எழுதி
தண்ணீர்க் குழாயில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மோலுக்கு நூற்றாறு கிராம்.
அதில் பத்திலொன்று, பத்து புள்ளி ஆறு.
மூச்சுக்கே பதறுகிற தராசு இது.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
வியர்க்க வியர்க்க
கரண்டி நுனியைச் சுண்டிக்கொண்டிருந்தேன்.
பத்து புள்ளி ஐந்து எட்டு.
பத்து புள்ளி ஐந்து ஒன்பது.
கடைசித் துகள் இறங்க ஒரு நிமிடம்.
புட்டியில் இனி
தட்டினாலும் ஒன்றும் விழாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் போடுவதில்லை இதை.
கொஞ்சம் நீரில் கரைத்து,
முகவையை மூன்று முறை அலசி அதையும் ஊற்றி,
மொத்தமும் ஒரு லிட்டர் ஆகும்வரை விடுவது.
இரண்டும் ஒன்றுதானே என்று
ஆண்டுக்கொருவன் கேட்பான்.
இந்த ஆண்டு துவாரகேஷ்.

குடுவையின் கழுத்தில் ஒரு கோடு.
அதன்மேல் பிறை வந்து அமர வேண்டும்.
குனிந்து, ஒரு கண்ணை மூடி,
துளி துளியாய் விடும்போது
மேசையில் போன் அதிர்ந்தது.
அண்ணன் புஷ்பநாதன்:
"வீட்டுக்கு நீ குடுத்தது பதினஞ்சாயிரம்னு
எழுதிடவா? ரவுண்டா இருக்கட்டும்."

கை நகர்ந்துவிட்டது.
பிறை கோட்டைத் தாண்டி
மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.
எடுக்கிற துளியோடு
கரைந்ததும் சேர்ந்து வரும்.
தண்ணீரை மட்டும் தனியே கூப்பிட
எனக்கு அன்னத்தின் அலகு இல்லை.
கொட்டிவிட்டுப் புதிதாய்ச் செய்யப் பொடியும் இல்லை,
ஆர்டர் தாள் மூன்று வாரமாய்
அலுவலகத்தில் கையெழுத்துக்குக் கிடக்கிறது.

உலர்ந்த பிப்பெட்டில் கோடுவரை உறிஞ்சி அளந்தேன்.
எட்டு மில்லிலிட்டர்.
மறுபடி உள்ளேயே விட்டேன்.
ஆக மொத்தம் ஆயிரத்தெட்டு,
அர்ச்சனைக்கு ஆகிற எண்.
மோல் குறையவில்லை. அதே பத்திலொன்று
கொஞ்சம் கூடுதல் இடத்தில்
கைகால் நீட்டிப் படுத்திருக்கிறது.
வகுத்தால்
சுழியம் புள்ளி சுழியம் ஒன்பது ஒன்பது இரண்டு.

பார்க்க ஆளில்லை.
பூச்சியம் புள்ளி ஒன்று என்று ஒட்டினாலும்
மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறத்தான் போகிறது.
மழை தொடங்கிவிட்டது.
ஒட்டுத்தாளில் நாலு தசமத்தையும் எழுதி,
தேதி போட்டு,
கோ. வாணி என்று சுழித்தேன்.
பிறகு போனை எடுத்து,
"பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது வெள்ளி.
ரசீது எல்லாம் இருக்கு."

திங்கள்.
சிக்கு ஒட்டுத்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பலகையில் இருந்த எண்ணைத் துடைத்தார்.
முப்பது வாயும் ஒன்றாய் முனகின.
"பக்கம் தொண்ணூற்றாறில் வேறு மாதிரி இருக்கே, டீச்சர்?"
துவாரகேஷ்தான்.
புத்தகத்தில் யாருக்கும் போன் வராதுடா என்றேன்.

ஜன்னலோரக் குழு மட்டும்
புத்தக எண்ணையே போட்டு,
எல்லாருக்கும் முன்னால் முடித்துக் கைகழுவப் போனது.
அவர்கள் விடைதான் பார்க்க அழகாக இருந்தது.

அண்ணனிடமிருந்து பதில் இல்லை.
நீல டிக் இரண்டும் விழுந்திருக்கிறது.