பதினோராம் வளைவு

அடிவாரம் செக்போஸ்ட் வரை
ஒரு குறையும் சொல்ல முடியாது.
ஐந்தாம் கொண்டை ஊசி, ஏழு, ஒன்பது,
இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறும்.
பதினொன்றில் ஒரு விக்கல்.
இன்னொரு விக்கல்.
அப்புறம் குரங்குகளின் சத்தம் மட்டும்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
பானெட்டைத் தூக்கி நிற்பேன்.
மேலே ஏற்காட்டில்
நான் வந்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கட்டும் என்று
பதினாறு பேர் வெறும் வயிற்றோடு.
அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் புறப்படும்,
வெட்கங்கெட்ட எண்ணூறு.

சூடுதான் என்றார் ஐந்துரோட்டு ஆரோக்கியசாமி.
கண்டென்சர் மாற்றினேன்.
காயில் மாற்றினேன்.
பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினேன்,
காய்ச்சலுக்குப் பற்றுப் போடுவதுபோல்.
மறு புதன்கிழமையும் அதே பதினொன்று.
"கார்ப்ரேட்டரே போச்சும்மா,
நாலாயிரம் வச்சுக்குங்க."
நாலாயிரம் இல்லை.
பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தது.

ஞாயிறு, அஸ்தம்பட்டி, வாடகை வீட்டு வாசல்.
பிளக் மூன்றையும் கழற்றி
தினசரித்தாள் மேல் வைத்தேன்.
மூன்றும் வெளுப்பு.
செட்டிச்சாவடிப் பக்கம்
மேக்னசைட் குவியல் வெயிலில் கிடக்குமே,
அந்த வெளுப்பு.
கரி படிந்திருந்தால் அதிகம் தின்கிறது;
வெளுத்திருந்தால் பட்டினி.
பிழைப்பே ரத்தம் பார்ப்பது, எனக்கு
இது தெரிய இத்தனை நாளா?

பட்டினி என்றால் எங்கே அடைப்பு?
பில்டர் சுத்தம்.
பம்ப், கையால் அமுக்கினால் பீய்ச்சுகிறது.
மிதவை ஊசி ஒட்டவில்லை.
பூட்டி முடிக்க மூன்று மணி.
சும்மா ஓட்டிப் பார்ப்போம் என்று மலைக்குத் திருப்பினேன்.

பதினொன்று. விக்கல்.
இந்தமுறை பானெட்டைத் தொடவில்லை.
பின்னால் போய்
பெட்ரோல் மூடிக்குச் சாவி போட்டுத் திருகினேன்.
ஸ்ஸ்ஸ்ஸ்ஸ் என்று
நீளமாக
உள்ளே இழுத்தது காற்றை,
தண்ணீருக்கடியில் அழுத்திப் பிடித்திருந்த ஒருவர்
மேலே வந்ததுபோல்.
ஒரே ஸ்டார்ட்.
மூடியைச் சீட்டின்மேல் போட்டுவிட்டு
வாய்க்குத் துணி சுற்றி
இருபதாம் வளைவுவரை நிற்காமல் போனேன்.

ஆனாலும் ஒரு கணக்கு உதைத்தது.
பூட்டு மூடி வாங்கியது மாசியில்.
நிற்க ஆரம்பித்தது ஆடியில்.
நடுவில் என்ன?
நடுவில் ஒரு சர்வீஸ்.
டிக்கியைக் கிளறினால்
பில்லோடு ஒரு பை. கழற்றிப்போட்ட பழைய ரப்பர்,
டேங்க்கின் கழுத்துக் குழாய்.
வளைத்துப் பார்த்தேன்.
அடிப்பக்கம் நகம் நுழையும் வெடிப்பு,
சுற்றிலும் பெட்ரோல் காய்ந்த கறை.
இவ்வளவு நாளும்
அதன் வழியாகத்தான் மூச்சு.

அதன் வழியாகத்தான்
டேங்க் நிரப்பிய ராத்திரியெல்லாம் குறைந்தது
என் பெட்ரோலும்.

மாடிவீட்டு செங்கோட்டுவேல்
அலுமினியக் கதவு போடுகிறவன்.
டி.வி.எஸ். வைத்திருக்கிறான்,
கையில் எந்நேரமும் ஒரு முழ டியூப்.
போதாதா?
படிக்கட்டுக்குக் கீழே நின்று
யாருக்கோ சொல்வதுபோல் சொன்னேன்:
உறிஞ்சிக் குடிக்கிற வாய்க்கெல்லாம்
பூட்டு வாங்கப் போறேன்.
மறுநாள் வாங்கினேன். நூற்றெண்பது ரூபாய்.
காற்றுகூடப் போகாது என்றான் கடைக்காரன்,
பெருமையாக.

அதன்பிறகு அவன்
வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தினான்.

இப்போது வேண்டியது
மூடியின் நடுவில்
ஒரு மில்லிமீட்டர் துளை.
குண்டூசி காய்ச்சிக் குத்தினேன். வளைந்தது.
சுத்தியும் ஆணியும் பார்த்தேன். வழுக்கியது.
தெருவில் டிரில் மிஷின் ஒன்றே ஒன்று.

மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
துடைத்தேன். மறுபடி கழுவினேன்.
ஒரு கையில் அது,
ஒரு கையில் வெடித்த குழாய்.
இருபது வளைவு ஏறியவளுக்குப்
பதினாலு படி.

கதவைத் திறந்தான்.
குழாயை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து
வெடிப்பை விரித்துப் பார்த்தான், வெகுநேரம்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் சொல்ல வைத்திருந்ததும் வரவில்லை.
உள்ளே போய்
டிரில்லைத் தூக்கி வந்து ஒயரைச் சொருகினான்.

"கெட்டியாப் பிடிங்கக்கா," என்றான்,
"சுத்தும்."