முப்பத்து மூன்று அங்குலம்

போன ஜூலையில் கூடூ மானோடு மோதி
இடக்கண் இழந்த வண்டி.
ஒப்புவோவில் என் பட்டறைக்கு
அதை ஓட்டி வந்தவன் சிப்புவேயா.
"கல்பாதைக்குப் பெரிய டயர் போடு.
விளக்கு இரண்டையும் மாற்று."

போட்டேன்.
முழுசாய் ஒடித்தால் உரசியது.
மட்கார்டில் இரண்டு விரற்கடை
அறுத்தெறிந்தேன்.
"இனி மீட்டர் குறைத்துத்தான் சொல்லும்,
நூறு என்றால் நூற்றாறு."
"அப்படியானால் மாமியார் வீடு
கிட்டே வந்துவிட்டதே,
அவளிடம் சொல்லிவிடாதே!"
சிரித்தான். கூலியில் பாதி தந்தான்.

ராத்திரி, அங்கோலா எல்லைப் பக்கமாய்
ஒரு வெள்ளோட்டம்.
பழைய மஞ்சள் வெளிச்சம்
புழுதியின் விளிம்போடு நின்றுவிடும்.
அதற்கப்பால் ஒன்றுமில்லை என்று
எண்பதில் பறந்து பழகியவன்
புது விளக்கைப் போட்டான்.

கண்கள்.
முட்புதர் நெடுக, சோடி சோடியாய்.
ஆடு, நரி, கழுதை,
மரத்தின்மேல் பச்சையாய் ஏதோ ஒன்று,
அது இமைக்கவே இல்லை.

சிப்புவேயா பேசவில்லை.
மீதிக் கூலியைக் கேட்க
எனக்கும் வாய் வரவில்லை.
அவன் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.
எழுபது. ஐம்பது.
முப்பது என்றது முள்,
அதுவும்
குறைத்துச் சொன்னதுதான்.