எழுவாய் இல்லாத வாக்கியம்

இரவு எட்டு நாற்பத்தொன்றுக்கு வந்தது அந்த மின்னஞ்சல்.
வெளியே மழை. ஈக்காட்டுத்தாங்கலில்
முழங்கால் தண்ணீரில் யாரோ ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனதை
ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சித்தாலப்பாக்கம் வளாகத்தில் இன்று மாலை
எதிர்பாராத கட்டமைப்பு இடப்பெயர்வு நிகழ்ந்தது.
தளத்தில் இருந்த சிலருக்கு
உடனடி மருத்துவ உதவி வழங்கப்பட்டுள்ளது.
நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது."
கூடவே ஒரு படம்:
மஞ்சள் தலைக்கவசத்தோடு சிரிக்கும் நிர்வாக இயக்குநர்,
போன வருடம் பூமி பூஜையில் எடுத்தது.

பிழையே இல்லை.
ஒற்று மிக வேண்டிய இடமெல்லாம் மிகுந்திருக்கிறது.
இவ்வளவு சுத்தமாக எழுத எனக்குத் தெரிந்து
கிளமென்டால்தான் முடியும்.
நான்கு வருடம் இதே மேஜையில் எதிரே உட்கார்ந்து
"எழுவாய் எங்கே?" என்று
என் வாக்கியங்களைத் திருப்பி அனுப்பியவன்.
இப்போது நுங்கம்பாக்கத்தில் அவனுக்கு
எழுவாயைக் கழற்றிவைக்கும் வேலை.
சம்பளம் மூன்று மடங்கு.

என்னுடையதை ஒன்பது மணிக்குப் பர்வீன்
ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும்.
"இடப்பெயர்வு" என்று எழுதினால்
சோறு பிசைகிற கை நிற்காது.
கீழே ஓடும் சிவப்புப் பட்டையில் ஐந்தே சொல்.
இணையத்துக்கு ஊர்ப் பெயர் முதலில்;
அதை வைத்துத்தான் தேடுவார்கள்,
வேலைக்குப் போனவர் திரும்பாத வீட்டில்.

சுவர் விழுந்தது, என்று தட்டினேன்.
இதில் எழுவாய் சுவர்.
சுவர் தானாகவா விழும்?
ஈர மண்ணை அதன் காலடியில் தோண்டச் சொன்னது யார்?
தெரியாது. தெரியாததை எழுத முடியாது.
ஆக இந்த ஒரு வரியில்
அவனும் நானும் இன்னும் பக்கத்து நாற்காலி.

எட்டு ஐம்பதுக்கு அவனே அழைத்தான்.
"விழுந்ததுன்னு போடாதே. சரிந்ததுன்னு போடேன்."
எத்தனை பேர்?
"சிலர்."
எத்தனை, கிளமென்ட்?
போனில் மழைச் சத்தம். அங்கேயும் அதே மழைதான்.
"ஆறுன்னு மட்டும் போட்டுடாதே."

தளத்தில் நின்ற மதிவதனன் சொன்னது இரண்டு.

வாய் தவறுகிற ஆள் இல்லை அவன்.
ஆனாலும் ஒரு மறுப்பை நம்பிச் செய்தி போட முடியாது.
மதிவதனனைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.
ஒன்பது மணிக்கு "இருவர்" என்றே பர்வீன் வாசித்தாள்.
அவள் குரலில் அது உண்மை போலவே இருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னான்:
நான்கு பேர் இங்கே. இரண்டு பேர் இன்னும் மண்ணுக்குள்.
இரைச்சலில் எழுத்துக்கூட்டிப் பெயர் சொன்னான்:
ரஞ்சன் நாயக். சாபித்ரி மாஜி.

எழுவாய்.
ஆறாம் வகுப்பில் இலக்கணமாகப் படித்த சொல்.
மன்றாடலாகவும் அது ஒலிக்கும் என்று
அப்போதுதான் காதில் பட்டது.

"இருவர்" அழித்து "ஆறு பேர்" போட்டேன்.
திருத்தப்பட்ட நேரம்: 9.52.
திருத்தியது யார் என்று அங்கேயும் இல்லை.

விடிகாலை ஐந்து பத்துக்கு அவனுடைய இரண்டாவது அறிக்கை.
"ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

வாட்ஸ்அப்பில் இரண்டே சொல் அனுப்பினேன்.
எழுவாய் எங்கே?
நீல டிக் விழுந்தது.
தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது,
நின்றது,
மறுபடி காட்டியது.